க்ரூஸருக்கு எந்த டயர்? வாசகர் கேள்வி – பதில்

அகல டயரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள்தான் க்ரூஸர். இந்த முறை அகல டயர் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிரேக், செயின் கேள்விகளுக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறோம்.

கேள்வி: என்னுடையது 26 இன்ச் க்ரூஸர். 2.125 (அங்குல அகலம்) என்று போட்ட, பட்டன் (ரப்பர் குமிழ்) வைத்த டயர். குளச்சலில் இருந்து முட்டம் வரை சவுட்டினாலே தொடை கடுக்கிறது. மெல்லிய டயர் மாட்டு, பறக்கும் என்கிறார்கள் கூட்டுக்காரர்கள். க்ரூஸரில் மெல்லிய டயர் பார்க்கச் சகிக்காதே! அகலமும் வேண்டும், லேசாக உருளவும் வேண்டும். வழி உண்டா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உண்டு. மெல்லிய டயர் யோசனையை விட்டுவிடுங்கள்.

டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் நசுங்கி, தரையை விட்டதும் மறுபடி விரிகிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலடுக்கும் ஒரு பகுதியைச் சூடாக்கித் தொலைத்துவிடும். உங்கள் தொடை கடுப்பது அந்த நஷ்டத்துக்காகத்தான். ரப்பர் தடித்திருந்தால் நஷ்டம் கூடும். நூலடுக்கு விறைப்பாக இருந்தால் இன்னும் கூடும். பட்டன் டயரில் ஒவ்வொரு பட்டனும் தனியாக வளைந்து நிமிர்ந்து தன் பங்கைத் தின்னும். அகலத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. ஒரே மாதிரி செய்த இரண்டு டயர்களில் ஒரே அளவு காற்று அடித்தால் அகலமானதுதான் லேசாக உருளும். தரையில் பதியும் பரப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மெல்லியதில் அந்தப் பரப்பு நீளவாக்கில் இழுத்துக் கிடக்கும், அகலமானதில் குறுக்காகப் பரந்து சீக்கிரம் முடிந்துவிடும். நீளம் குறைந்தால் டயர் நசுங்கும் ஆழமும் குறைவு.

கணக்காகவே பார்க்கலாம். ஆளும் சைக்கிளும் சேர்த்து 100 கிலோ, வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வையுங்கள். உருளும் தடை எண் (உருட்ட எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும் என்பது) 0.012 உள்ள மட்டமான பட்டன் டயருக்கு மட்டும் சுமார் 49 வாட் போகும். 0.006 உள்ள நல்ல டயருக்கு அதில் பாதி. சாதாரணமாக மிதிப்பவர் விடாமல் தரக்கூடியதே 75 முதல் 100 வாட் வரைதான் என்பதால், மிச்சமாகும் 24 வாட் சின்ன விஷயமல்ல. வேறு விதமாகச் சொன்னால், மட்டமான டயரில் சமதரையில் போவது, நல்ல டயரில் கிலோமீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் போவதற்குச் சமம்.

கடையில் எதைப் பார்ப்பது? முதலில் பக்கச் சுவரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். பழைய வேட்டி மடிவதுபோல் மடிந்தால் நல்லது. அட்டை மாதிரி எதிர்த்து நின்றால் அடுத்ததை எடுங்கள். பிறகு தரையில் படும் முகம். நடுவில் தொடர்ச்சியான வழவழப்பான பட்டையோ ஆழமில்லாத கோடுகளோ போதும். தார் ரோட்டில் மழை பெய்தாலும் சைக்கிள் டயருக்கு ஆழமான பள்ளங்கள் தேவையில்லை. சைக்கிள் வேகத்தில் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவது என்பது கிடையாது. அது கார்க்காரர்கள் கவலை. மூன்றாவது, டிபிஐ என்று போட்டிருக்கும் நூல் எண்ணிக்கை. ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் ஓடுகிறது என்பது அது. 20-களில் இருந்தால் தடித்த நூல், 60-ஐத் தாண்டினால் மெல்லிய நூல். ஆனால் சில கம்பெனிகள் இரண்டு மூன்று அடுக்குகளின் நூலைக் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுகின்றன. எண்ணைவிட விரலை நம்புங்கள்.

பெயர் சொல்லிக் கேட்பதென்றால்: ஷ்வால்பே பிக் ஆப்பிள் 26×2.00, 2.15, 2.35 அளவுகளில் உண்டு, முகம் ஏறக்குறைய வழவழப்பு. அதே கம்பெனியின் ஃபேட் ஃபிராங்க் 2.35 பழங்கால க்ரூஸர் தோற்றத்துக்கென்றே செய்தது, கிரீம், பிரவுன் நிறங்களிலும் வரும். 60 மி.மீ. பிக் ஆப்பிள் 2 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) காற்றில் உருளுவது, 37 மி.மீ. டயர் 4 பாரில் உருளுவதற்குச் சமம் என்று ஷ்வால்பே சொல்கிறது. விற்பவர் கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் போகிற திசை சரிதான். மேக்ஸிஸ் ஹூக்வார்ம் 2.5 பார்வைக்கு வேகமான டயர் மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். ஒன்று ஒரு கிலோவுக்கு மேல், சுவர் தடிப்பு, தெருவில் குதித்து விளையாடுபவர்களுக்கானது. ரெனே ஹெர்ஸ் ராட் ட்ராப் பாஸ் 2.3 அரைக் கிலோகூட வராது, நன்றாக உருளும், ஆனால் விலையும் கூடுதல், சுவரும் மெல்லியது. குளச்சல் மீன் சந்தை வாசலில் உடைந்த பாட்டில் துண்டுகளுக்கு மேல் ஓட்ட அதை வாங்கச் சொல்ல மாட்டோம். ரால்சன், மெட்ரோ, ஹார்ட்டெக்ஸ் என்று நம் நாட்டுத் தயாரிப்புதான் கைக்கு எட்டுகிறது என்றால் 26 இன்ச் எம்டிபி (மவுண்டன் பைக்) அளவில் நடுப்பட்டை வழவழப்பாக உள்ளதைக் கேளுங்கள். பட்டன் டயரில் இருந்து அதற்கு மாறினாலே வித்தியாசம் முதல் ஏற்றத்தில் தெரியும்.

கடையில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு "பாருங்க, எப்படி ஓடுது!" என்று காட்டுவார்கள். அது பேரிங் எப்படி என்று காட்டும், டயரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டயரைச் சோதிக்க, காற்றில்லாத விடியற்காலையில் ஒரு சிறு இறக்கத்தின் உச்சியில் இருந்து மிதிக்காமல் உருண்டு, நிற்கும் இடத்தில் கல் வையுங்கள். டயர் மாற்றியபின் அதே இடம், அதே உட்காரும் விதம். கல்லைத் தாண்டினால் காசு வீணாகவில்லை.

கேள்வி: என் க்ரூஸருக்கு 26 இன்ச் டயர் என்று கேட்டு 26×1 3/8 வாங்கி வந்தேன். ரிம்மில் லொடலொடவென்று கிடக்கிறது. கடையில் 26 எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஒன்றல்ல. 26 என்ற பெயரில் குறைந்தது நான்கு அளவுகள் உலவுகின்றன. டயரின் விளிம்புக் கம்பி ரிம்மில் உட்காரும் விட்டத்தைப் பாருங்கள்: 26×2.125, 26×1.95 என்று புள்ளி வைத்து எழுதியவை 559 மி.மீ.; 26×1 3/8 என்பது 590; 26×1 1/2 என்பது 584; 26×1 3/4 என்பது 571. உங்கள் ரிம் 559, வாங்கியது 590. விட்டத்தில் 31 மி.மீ. பெரியது லொடலொடவென்று கிடக்காமல் என்ன செய்யும்? அதில் காற்றடித்துப் பார்க்காதீர்கள். டயர் ரிம்மை விட்டு வெளியேறி டியூப் வெடிக்கும்.

பழைய டயரின் சுவரில் 54-559 என்பதுபோல் இரண்டு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது இந்த விட்டம். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும், முதலாவதில்தான் உங்களுக்குச் சலுகை. அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் 28×1 1/2 டயர் 635, 27.5 என்று விற்பது 584; 29-ம் 700சி-யும் 622. இவற்றில் எதுவும் உங்கள் ரிம்முக்கு ஆகாது.

உங்களுக்கு அதிர்ஷ்டமான பக்கமும் உண்டு. 2.125 பலூன் டயரை 1933-இல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி தன் சைக்கிளில் போட்டது. 1970-களில் கலிஃபோர்னியா மலைப்பாதைகளில் இறங்க இளைஞர்கள் எடுத்தது அந்தப் பழைய க்ரூஸர்களைத்தான். மவுண்டன் பைக் பிறந்ததும் அப்படித்தான். அதனால் 26 இன்ச் எம்டிபி-யும் க்ரூஸரும் அதே 559. எம்டிபி-க்கு என்று விற்கும் வழவழப்பான டயர் எதுவும் உங்கள் ரிம்மில் உட்காரும்.

கேள்வி: இப்போது 2.125 ஓடுகிறது. 2.35 மாட்டினால் மட்கார்டில் உரசுமா?
– ஒரு வாசகர், வடசேரி, நாகர்கோவில்

பதில்: அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. 54 மி.மீ. டயரை எடுத்து 60 மி.மீ. மாட்டினால் பக்கத்துக்கு 3 மி.மீ. பெருக்கும், உயரத்தில் 6 மி.மீ. எழும். உயரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 6 எண் ஆலன் சாவி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய டயருக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கும் நடுவிலும், பின்னால் பெடல் பக்கத்தில் இருந்து அச்சுக்குப் போகும் இரண்டு குழாய்களுக்கு நடுவிலும் விட்டுப் பாருங்கள். சாவி போய், அதற்கு மேல் இன்னும் 3 மி.மீ. தள்ளாட்டம் இருக்க வேண்டும். டயரின் உச்சிக்கும் ஃபோர்க் தலைக்கும், பின்பக்கக் குறுக்குக் கம்பிக்கும் இடையில் இதைவிட இரு மடங்கு இடைவெளி வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஏனென்றால் ரிம் கோணலாக இருந்தால் ஓர் இடத்தில் போகும் சாவி இன்னோர் இடத்தில் போகாது. புது டயர் முதல் சில நாளில் ஒன்றிரண்டு மி.மீ. விரிந்து கொடுக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மட்கார்டு டயரைவிடக் குறைந்தது 5 மி.மீ. அகலம் வேண்டும். 60 மி.மீ. டயருக்கு 65-க்குக் குறைந்த மட்கார்டு போட்டால் மழையில் சட்டை முதுகு சிவப்பாகும். உயரம் போதவில்லை என்றால் மட்கார்டின் கம்பிகளைத் தளர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். ஃபோர்க் தலைக்குக் கீழே வரும் இடத்தில் மட்டும் ஏற்ற வழியில்லை, தீர்ப்பு அங்கேதான்.

ரிம்மின் உள் அகலம் 24 முதல் 30 மி.மீ. வரை இருந்தால் 2.35 நிம்மதியாக உட்காரும். 19 மி.மீ. ரிம்மில் போட்டால் குறைந்த காற்றில் வளைவில் டயர் ஒரு பக்கமாகச் சாயும். டியூப் பெட்டியில் உள்ள எல்லையில் 2.35 அடங்குகிறதா என்றும் பாருங்கள். 1.75 டியூபை இழுத்துப் பெருக்க வைத்தால் அதன் தோல் மெலிந்து ஊசி முனைக்கே காற்று போகும்.

கேள்வி: கம்ப்ரஸரில் கல் மாதிரி காற்றடித்து அனுப்புகிறார் கடைக்கார அண்ணன். அப்போதுதான் லேசாகப் போகுமாம். எனக்கோ இடுப்பு கழன்றுபோகிறது. எவ்வளவு காற்று வைக்கலாம்? என்னிடம் மீட்டர் கிடையாது, வால்வும் சாதாரண வால்டியூப் வால்வுதான்.
– ஒரு வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: கண்ணாடி மாதிரி தரையில் அண்ணன் சொல்வது சரி. நம் ரோடு அப்படி இல்லை. ஜல்லி துருத்திய ரோட்டில் கல் மாதிரி டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் உங்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது. அந்தச் சக்தி உங்கள் இடுப்பிலும் தோளிலும் அதிர்வாகக் கரைகிறது. மிதித்துச் சம்பாதித்ததை வலியாகத் திரும்ப வாங்குகிறீர்கள். கொஞ்சம் இளகிய டயர் ஜல்லியை விழுங்கிக்கொண்டு நேராகப் போகும்.

தொடங்க வேண்டிய அளவு: ஆள் எடை 70 கிலோ என்றால் 2.35 டயருக்குப் பின்னால் 28 முதல் 30 பிஎஸ்ஐ, முன்னால் 22 முதல் 24. 2.125-க்குப் பின்னால் 30 முதல் 33, முன்னால் 25. ஆள் 90 கிலோ என்றால் எல்லாவற்றிலும் 4, 5 கூட்டுங்கள். பின்னால் சாமான் கட்டினாலும் பின் டயருக்கு அப்படியே. க்ரூஸரில் நிமிர்ந்து உட்காருவதால் எடையில் ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரத்தில் விழுகிறது. இரண்டு டயருக்கும் ஒரே காற்று அடிப்பது வெறும் பழக்கம். டயர் சுவரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவு தாண்டக்கூடாத எல்லை. அது வரை அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

வால்டியூப் வால்வில் ஒரு சிக்கல். உள்ளே இருக்கும் ரப்பர் குழாயைப் பிதுக்கித்தான் காற்று நுழைகிறது. அதற்கும் சேர்த்து அழுத்துவதால் பம்பில் மீட்டர் இருந்தாலும் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆகவே மீட்டர் இல்லை என்று வருந்தாதீர்கள், பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஸ்கேலின் முனையில் சுழிக்கு முன்னால் உள்ள வெற்றிடம் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். சைக்கிளைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் அடியில் தரையில் இருந்து ரிம்மின் கீழ் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுவரை லேசாகத் தொட்டபடி ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வையுங்கள். வீட்டில் யாராவது குனிந்து மறுபடி அளக்கட்டும். 60 மி.மீ. டயர் பின்னால் 8, 9 மி.மீ. இறங்க வேண்டும், முன்னால் 6 போதும். அதற்கு மேல் இறங்கினால் காற்று குறைவு. 3, 4-தான் இறங்குகிறது என்றால் அண்ணன் கைவரிசை. தடித்த சுவருள்ள மட்டமான டயர் காற்றில்லாமலேயே கொஞ்சம் எடையைத் தாங்கும், அதில் இந்த அளவு பொய் சொல்லும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடையாளம், டியூபில் அடுத்தடுத்து இரண்டு கீறல். பள்ளத்தில் ரிம் தட்டி டியூபைக் கடித்த தடம் அது. முள் குத்தினால் ஒற்றைத் துளைதான். பஞ்சர் ஒட்டும்போது இதைப் பார்த்துக்கொண்டால் காரணம் தெரிந்துவிடும்.

டியூப் மாற்ற வேண்டி வரும்போது மோட்டார் சைக்கிள் போன்ற வால்வு உள்ளதை வாங்குங்கள். சாதாரண ரிம்மின் துளையிலேயே அது நுழையும். பெட்ரோல் பங்க் காற்றும் பிடிக்கலாம், சின்ன மீட்டர் வைத்தும் அளக்கலாம். பங்கில் மட்டும் எச்சரிக்கை: கார் டயருக்கு அடிக்கும் வேகத்தில் அடித்தால் சைக்கிள் டியூப் கண் மூடித் திறப்பதற்குள் அளவைத் தாண்டும். இரண்டு விநாடி அடி, நிறுத்து, பார்.

கேள்வி: கடற்கரை வெயிலில் நாள் முழுக்க சைக்கிள் நிற்கிறது. அகல டயர் வெடித்துவிடாதா?
– ஒரு வாசகர், கன்னியாகுமரி

பதில்: காலையில் 28 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர் வெயிலில் 60 டிகிரிக்குச் சூடானாலும் சுமார் 5 பிஎஸ்ஐ தான் ஏறும். அதற்கு வெடிக்கிற டயர் ஏற்கெனவே சுவர் விண்டிருக்கும் டயர். வெயில் செய்யும் உண்மையான கெடுதல் வேறு, ரப்பர் காய்ந்து சுவரில் மயிரிழை வெடிப்பு விழும். நிழலில் நிறுத்துங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் உடைமுள்ளும் நெருஞ்சியும் அதிகம். காற்றோ கேட்கவே வேண்டாம். லேசாக உருளும் மெல்லிய சுவர் டயர் இங்கே தாங்குமா?
– ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: மேற்கே இருப்பவருக்குச் சொல்லும் பதில் உங்களுக்குப் பொருந்தாது. முகத்துக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை வைத்த டயரே உங்களுக்கு. பட்டை வளைந்து நிமிரவும் சக்தி செலவாகும், கொஞ்சம் வேகம் போகும். வாரம் இரண்டு பஞ்சரோடு ஒப்பிட்டால் அது லாபம். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் பின் டயரைப் பட்டையுள்ளதாக வாங்குங்கள்: எடை அதிகம் விழுவதும், முன் டயர் கிளப்பிவிட்ட முள்ளை வாங்குவதும் அதுதான்.

டயருக்கும் டியூபுக்கும் இடையில் தனியாக வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. உருளுவதைக் கனமாக்கும், அதன் ஓரமே டியூபைத் தேய்த்துத் துளை போடும். டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் நெருஞ்சிக்கு நன்றாக வேலை செய்யும். 26 இன்ச் அகல டியூபுக்கு சுமார் 120 மி.லி. ஊற்ற, உள்பின் கழற்ற முடிகிற மோட்டார் வகை வால்வு வேண்டும். வால்டியூப் வால்வில் ஊற்றினால் ரப்பர் குழாய் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும். ரிம் கடித்த கீறலை எந்தத் திரவமும் அடைக்காது.

பஞ்சர் ஒட்டி மறுநாளே அதே இடத்தில் மறுபடி காற்று போகிறதா? முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள் ஒளிந்திருக்கிறது. விரலால் தடவித் தேடாதீர்கள். கிழிந்த நைலான் துணியையோ பஞ்சையோ உள்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கும்.

காற்று விஷயத்தில் டயர் கையை விரித்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே மேற்கில் இருந்து அடிப்பதை முப்பந்தல் காற்றாலைகளுக்கு விட்டுவிடுவோம். நீங்கள் 15 கி.மீ. வேகத்தில் நாகர்கோவில் நோக்கிப் போகும்போது எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால், காற்றின் தடை நான்கு மடங்கு. எந்த டயரும் அதை ஈடுகட்டாது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் இறக்கி, முழங்கையை மடக்கிக் குனிவதுதான் உங்களால் ஆகக்கூடியது.

கேள்வி: அகல டயர் மாட்டினால் கடற்கரை மணலில் ஓட்டலாமா?
– ஒரு வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: காய்ந்த மணலில் முடியாது. அதற்கு 4 இன்ச் டயரும் 10 பிஎஸ்ஐக்குக் குறைந்த காற்றும் வேண்டும், அது வேறு சைக்கிள். அலை நனைத்து இறுகிய ஓரத்தில் 15 பிஎஸ்ஐ வைத்து ஓட்டலாம். ரோடு ஏறுமுன் மறுபடி அடித்துவிடுங்கள். ஆனால் உங்கள் ஊர் மணலில் கார்னெட் கலந்திருக்கிறது, உப்புத்தாள் செய்ய உதவும் சரக்கு அது. செயினில் ஏறினால் அரைத்துத் தள்ளும். திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளின் நிப்பிள்களையும் துடைக்கத் தவறாதீர்கள், உப்பு முதலில் பிடிப்பது அங்கேதான்.

கேள்வி: டயர் மாற்றினால் எங்கள் ஊர் ஏற்றத்தில் சைக்கிளை இறங்கித் தள்ளாமல் போக முடியுமா? கியர் இல்லாத வண்டி. முன்னால் 44 பல், பின்னால் 18.
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: டயர் கொஞ்சம் உதவும், ஃப்ரீவீல் எனும் பின்பக்கப் பல்சக்கரம்தான் காப்பாற்றும். நூறு மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஏற்றத்தில் 100 கிலோவைத் தூக்குவதற்கே பெரும்பங்கு பலம் போகிறது. மட்டமான டயரை நல்ல டயராக மாற்றினால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறையும். 18 பல் ஃப்ரீவீலை 22 ஆக்கினால் ஒவ்வொரு மிதியின் கனமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பதிலுக்குச் சமதரையில் வேகம் போகும்: நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 18 பல்லில் மணிக்குப் பதினெட்டரை கி.மீ., 20-இல் பதினாறரை, 22-இல் 15. தினமும் ஏற்றத்தில் வாழ்பவருக்கு 22 என்போம்.

மாற்றும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 20 பல் போட்டு செயினை அப்படியே விட்டால் பின் சக்கரம் 6 மி.மீ. முன்னால் நகரும். அகல டயர் என்றால் குறுக்குக் கம்பியிலோ மட்கார்டிலோ போய் முட்டும். 22 பல்லுக்கு செயினில் ஒரு முழு இணைப்பு, அதாவது ஓர் அங்குலம் சேருங்கள். சக்கரம் பழைய இடத்திலேயே நிற்கும். பழைய ஃப்ரீவீல் மிதித்து மிதித்து இறுகியிருக்கும், முதல் நாள் இரவே திருகு இடுக்கில் எண்ணெய் விட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ரப்பர் ஷீட்டு போகும் டயருக்கும் செயற்கை ரப்பர் டயருக்கும் உருளுவதில் வித்தியாசம் உண்டா?
– ஒரு வாசகர், அருமனை

பதில்: உண்டு, அது உங்கள் பக்கம்தான். மரத்து ரப்பர் நசுங்கி விரியும்போது குறைவாகச் சூடாகும். லாரி, விமான டயர்களில் அதை விடாமல் வைத்திருப்பது அதற்காகவே. செயற்கை ரப்பரில் தேய்மானம், ஈரப்பிடிப்பு என்று வேறு குணங்கள் கிடைப்பதால் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். டியூபில் வித்தியாசம் இன்னும் தெளிவு. சாதாரண டியூப் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர்; காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் மந்தம். ரப்பர் பால் டியூப் லேசாக உருளும், ஆனால் ஒரு ராத்திரியிலேயே காற்று இறங்கிவிடும். தினமும் காலையில் பம்பு பிடிக்கப் பிரியமுள்ளவர் வாங்கலாம்.

கேள்வி: புது 2.35 மாட்டியதில் இருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை சைக்கிள் துள்ளுகிறது. டயர் சரியில்லையா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: டயரைக் குறை சொல்லுமுன், அது ரிம்மில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். ரிம்முக்கு ஒட்டி, டயர் சுவரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். இரண்டு பக்கமும் முழுச் சுற்றிலும் அது ரிம்மில் இருந்து ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் அங்கேதான் துள்ளுகிறது. பெரும்பாலும் வால்வு பக்கத்தில் இருக்கும். டயர் விளிம்புக்கு அடியில் டியூப் மாட்டிக்கொண்டால் அப்படி ஆகும்.

காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வை உள்நோக்கி ஒரு முறை அழுத்தி இழுத்தால் மாட்டிய டியூப் விடுபடும். புதைந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, 10 பிஎஸ்ஐ வரை அடித்து, இரு கையாலும் டயரை அந்த இடத்தில் பிசைந்து வெளியே இழுங்கள். கோடு சமமானதும் 35 வரை ஏற்றுங்கள். டப் என்று ஒரு சத்தத்தோடு உட்காரும். பிறகு வேண்டிய அளவுக்கு இறக்குங்கள். ரிம்மை இரு பக்கமும் பிடிக்கும் வி-பிரேக் இருந்தால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்றில்லாத டயரோடு சக்கரத்தை நுழைத்து, உள்ளே போனபின் காற்றடிக்க வேண்டும். காற்றோடு திணித்தால் பிரேக் கட்டை இடம் மாறி டயர் சுவரை அறுக்கும். சுவரில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைப் பார்க்கட்டும்.

கோடு சமமாக இருந்தும் துள்ளினால், சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். ரிம் பென்சிலை விட்டு விலகி விலகி வந்தால் ஸ்போக்ஸ் இழுக்கக் கொடுங்கள். ரிம் நேராக ஓடி, டயரின் முகம் மட்டும் ஏறி இறங்கினால் அந்த டயர் வார்ப்பிலேயே கோணல். ரோட்டில் ஓட்டித் தேய்ப்பதற்கு முன் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.